இருட்டில் போன எபிசோடு

ஆசிரியர் அவர்களுக்கு,

எபிசோடு விமர்சனம் எழுதுபவர்கள், எதில் பார்த்தார்கள் என்பதையும் ஒரு வரி சொல்ல வேண்டும். ‘கேம் ஆஃப் த்ரோன்ஸ்’ டிவி தொடரின் எட்டாம் சீசனில் மூன்றாம் எபிசோடு ‘தி லாங் நைட்’ (2019 ஏப்ரல் 28) இதற்குச் சரியான உதாரணம். 82 நிமிடம், கிட்டத்தட்ட முழுக்க இரவுப் போர். “ஒன்றுமே தெரியவில்லை” என்ற புகார்தான் அப்போது எங்கும் பேச்சு.

ஸ்ட்ரீமிங்கிற்காக வீடியோவைச் சுருக்கும்போது முதலில் அடிபடுவது இருண்ட பகுதிகள். கருப்புக்கும் கருஞ்சாம்பலுக்கும் நடுவிலுள்ள நுண்ணிய படிகள் ஒன்றாகிவிடுவதால் புகைமூட்டம் பட்டை பட்டையாக, கட்டம் கட்டமாக உடைகிறது. டோத்ராக்கி குதிரைவீரர்களின் எரியும் வாள்கள் தூரத்தில் ஒவ்வொன்றாக அணையும் அந்த அபாரமான காட்சியே பலருக்குக் கலங்கித்தான் கிடைத்தது. டிவியின் பட அமைப்பில் ‘விவிட்’ மோடை விட்டு ‘சினிமா’வுக்கு மாற்றி, மின்சேமிப்பு வசதியை நிறுத்தி, அறை விளக்கை அணைத்தால் ஓரளவு தேறும். பிரைட்னஸை ஏற்றினால் கருப்பு வெளுக்குமே தவிர, சுருக்கத்தில் போன விவரம் திரும்பாது.

குதிரைப்படையைக் கண்மூடித்தனமாக இருட்டுக்குள் அனுப்பிய போர் வியூகத்தைக் குறை சொன்னது வேறு விஷயம். எந்தத் திரையில் பார்த்தாலும் அது பிழைதான். இந்த இரண்டு புகாரையும் ஒரே மதிப்பெண்ணில் கொட்டியதுதான் அநியாயம். இதே எபிசோடு அந்த ஆண்டு படத்தொகுப்புக்கு அமெரிக்கத் தொலைக்காட்சி விருதான எமி விருது வாங்கியது.

- வாசகர், திருச்சி