தளம் அடித்த கைகளுக்கு

சென்னை ஜார்ஜ் டவுனின் பவழக்காரத் தெருவில் இருக்கும் எங்கள் கொள்ளுத்தாத்தா வீட்டின் கூடம், இந்த ஐப்பசி மழைக்கு ஒரு சொட்டுகூட ஒழுகவில்லை. மூன்று வருடமாக வாளியும் அண்டாவும் வைத்துப் படுத்திருந்த இடம் அது. காரணமானவர்களுக்கு நாலு பேர் அறிய நன்றி சொல்ல வேண்டும்.

முதல் வணக்கம் பழவேற்காட்டுக் கொத்தனார் ஐயாவுக்கு. அவருக்கு முன் வந்தவர்கள் எல்லோரும் இடித்துவிட்டு கான்கிரீட் போடச் சொன்னார்கள். அவர் ஏணியில் ஏறி, பர்மா தேக்குச் சட்டங்களை ஒவ்வொன்றாக விரல் கணுவால் தட்டிக் கேட்டார். “இரண்டுதான் செல்லரித்திருக்கிறது. மரத்தின்மேல் பழி போடாதீர்கள். மேலே பூசிய சிமெண்ட்தான் ஈரத்தை வெளியே விடவில்லை” என்றார். அன்று ஆயா அழுதுவிட்டார்.

இந்தக் கூரைத் தளத்தை மெட்ராஸ் டெரஸ் என்று சொல்கிறோமே, அதை அவர் போட்டபோதுதான் முழுதாகப் பார்த்தேன். தேக்குச் சட்டங்களின்மேல் சன்னமான செங்கல்லை மூலைவாட்டில் நிறுத்திக் கட்டி, அதன்மேல் கிளிஞ்சல் சுண்ணாம்பில் குழைத்த செங்கல் ஜல்லி. அந்த ஜல்லியை அடித்து இறுக்கியவர்கள் கொருக்குப்பேட்டையிலிருந்து வந்த எட்டு அக்காக்கள். குந்தி உட்கார்ந்து, கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீரைத் தெளித்துத் தெளித்து, நாள் கணக்கில் மரக்கட்டையால் அடித்தார்கள். எப்போது போதும் என்று தெரியும் எனக் கேட்டேன். ஓர் அக்கா கட்டையை என் கையில் கொடுத்தார். ஓங்கி அடித்தேன், கட்டை எம்பித் திரும்பியது. “அவ்வளவுதான், தளம் இனி உன்னை உள்ளே விடாது” என்றார். அவர் உள்ளங்கையில் காய்ப்பு, விரலிடுக்கில் சுண்ணாம்பு தின்ற புண். கூலி கொடுத்துவிட்டோம். அந்தப் புண்ணுக்கு எதைக் கொடுப்பது?

வீட்டை விற்காமல் பழுதுபார்க்கக் கையெழுத்துப் போட்ட பதினொரு பங்காளிகளுக்கும் நன்றி. விற்றிருந்தால் ஆளுக்குப் பெருந்தொகை கிடைத்திருக்கும். ஆனால் இந்தத் தெருவுக்கு ஒரு நெடுங்கதை உண்டு. 1746இல் பிரெஞ்சுக்காரர்கள் மதராசைப் பிடித்தார்கள். ஊர் 1749இல் ஆங்கிலேயர் கைக்குத் திரும்பிய பிறகு, கோட்டையை ஒட்டி இந்தியர்கள் வாழ்ந்த பழைய கறுப்பர் நகரம் இல்லாமல் போய், வடக்கே வளர்ந்ததுதான் இன்றைய ஜார்ஜ் டவுன். ஐரோப்பாவிலிருந்து பவழம் வரவழைத்த யூத வணிகர்களால் இந்தத் தெருவுக்குப் பெயர் வந்தது. அவர்கள் போய்விட்டார்கள், பெயர் இருக்கிறது. 1914 செப்டம்பர் 22 இரவு ஜெர்மானியப் போர்க்கப்பல் எம்டன் குண்டு போட்டு எண்ணெய்த் தொட்டிகள் எரிந்தபோது, இந்த வீட்டைப் பூட்டிக்கொண்டு காஞ்சிபுரம் ஓடிய கதையை ஆயா சொல்லக் கேட்டு வளர்ந்தவர்கள்தானே நாம் எல்லோரும்! அந்தப் பூட்டு இன்னமும் மாடத்தில் இருக்கிறது.

கடுக்காய்ப் பானையின் நாற்றத்தையும் நாள் முழுக்கக் கேட்ட அடிச் சத்தத்தையும் பொறுத்துக்கொண்ட பக்கத்து வீட்டாருக்கும், சுண்ணாம்பு நீற்றத் தம் கடை வாசலையே விட்டுக்கொடுத்த காகிதக் கடை அண்ணனுக்கும் கடன்பட்டிருக்கிறோம்.

கொத்தனார் ஐயா, நீங்கள் கேட்ட பழைய தட்டோடுகளைத் திண்ணையோரம் அடுக்கி வைத்திருக்கிறோம். வண்டியோடு சாப்பாட்டு நேரத்துக்கு வாருங்கள். ஆயா வஞ்சிரம் வாங்கச் சொல்லியிருக்கிறார்.