அம்மா காலுக்குள் போன குழாய்

கால்வே, அயர்லாந்து,
ஞாயிறு மாலை

அன்புள்ள மாப்ளே,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது. கால் ரத்தக்குழாயில் அடைப்பு எடுத்த பிறகு அம்மா எழுந்து வாசல் வரை நடக்கிறார்கள் என்று படித்த பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது. சுண்டுவிரலோடு போனது பெரிய விஷயம். சர்க்கரையும் இருந்து, காலில் ரத்த ஓட்டமும் நின்றுவிட்டால் முழங்காலுக்குக் கீழே எடுப்பதைத் தவிர வழியில்லை என்று சொன்ன காலம் ஒன்று இருந்தது. உன் பெரியப்பாவுக்கு அப்படித்தானே ஆனது?

"தொடையில ஊசி போட்டு கம்பிய விட்டாங்க. நான் முழிச்சுட்டேதான் இருந்தேன் கண்ணு, டிவில என் காலையே பாத்தேன்" என்று அம்மா சொன்னதை அப்படியே எழுதியிருந்தாய். குரலே கேட்டது. கடைசியில் ஒரு வரி போட்டாய் பார், "அந்தக் குழாய் நீ செய்ததா?" என்று. பத்தொன்பது வருஷமாக ஊரில் யார் கேட்டாலும் "ட்யூப் கம்பெனி" என்று சொல்லி ஒப்பேற்றி வருகிறேன். நீயும் இதுவரை கேட்டதில்லை. இப்போது கேட்டுவிட்டாய், அனுபவி.

முதலில் நேரான பதில். அம்மாவுக்குப் போட்டது பெரும்பாலும் எங்கள் சரக்கு இல்லை. உள்ளே போய் ஊதி அடைப்பை விரிக்கிற பலூன் வேறு ஆட்கள் வேலை. நான் பார்ப்பது, பலூனுக்கும் ஸ்டென்ட்டுக்கும் வழி விடுகிற நீளக் குழாயின் தண்டுப் பகுதி. கைப்பிடியிலிருந்து முனை வரை ஒரு மீட்டர் சொச்சம். அவ்வளவுதான் என் ராஜ்ஜியம்.

அம்மாவுக்கு நடந்த வரிசை இதுதான்: ஊசி, ஊசி வழியாக வயர், ஊசியை உருவிவிட்டு வயர் மேலேயே குழாய். ஸ்வீடனில் செல்டிங்கர் என்ற டாக்டர் 1953-ல் எழுதிய முறை. இன்றைக்கும் உலகம் முழுக்க அதுதான். இவ்வளவு எளிமையான ஒன்று அதற்கு முன் யாருக்கும் தோன்றவில்லையே என்று எனக்கு இன்னும் ஆச்சரியம்.

அப்புறம், அம்மாவிடம் இதைச் சொல். குழாய் விட்டு அடைப்பைத் திறந்த முதல் வைத்தியமே ஒரு பாட்டியின் காலில்தான் நடந்தது. 1964 ஜனவரி 16, அமெரிக்காவின் போர்ட்லாண்டில். பாட்டிக்கு 82 வயது, கால் விரல்கள் அழுக ஆரம்பித்துவிட்டன, காலை எடுக்கவே கூடாது என்று ஒற்றைக் காலில் நின்றார் (எழுதிய பிறகுதான் பார்க்கிறேன், மன்னித்துக்கொள்). சார்லஸ் டாட்டர் என்ற எக்ஸ்ரே டாக்டர், ஒன்றின் மேல் ஒன்றாக நழுவும் டெஃப்லான் குழாய்களை அடைப்புக்குள் தள்ளியே வழியை அகலப்படுத்தினார். பலூன் கிடையாது. கால் பிழைத்தது. பாட்டி அதற்குப் பிறகு இரண்டு வருஷத்துக்கு மேல் தன் காலிலேயே நடந்தார்.

அந்த டாட்டர் நம் ஜாதி மாப்ளே, ஒர்க்‌ஷாப் ஜாதி. 1963-ல் சிகாகோவில் ஒரு மாநாட்டில் பில் குக் என்பவர் கடை போட்டு, டெஃப்லான் குழாயை ப்ளோடார்ச்சில் சூடு காட்டி முனை கூராக்கி விற்றுக்கொண்டிருக்கிறார். டாட்டர் அந்த டார்ச்சையும் கொஞ்சம் குழாயையும் இரவல் வாங்கிக்கொண்டு ஓட்டல் அறைக்குப் போய், மறுநாள் காலையில் பத்து கதீட்டர், அதாவது ரத்தக்குழாய்க்குள் விடும் குழாய், செய்துகொண்டு வந்தாராம். குக் அதைத் தலா பத்து டாலருக்கு விற்றாராம். இந்தத் தொழிலுக்கு வருகிற எல்லோருக்கும் முதல் வாரத்தில் சொல்லப்படும் கதை இது. இன்றைக்கு நான் முனையின் கோணத்தை ஒரு டிகிரி மாற்ற வேண்டுமென்றால் பதினோரு கையெழுத்து வேண்டும். அதுவும் சரிதான், உள்ளே போவது அம்மாவின் காலுக்குள் அல்லவா.

சரி, குழாய்க்கு வருகிறேன். இதன் அளவை "பிரெஞ்சு" என்ற கணக்கில் சொல்வார்கள். ஒரு பிரெஞ்சு என்றால் மில்லிமீட்டரில் மூன்றில் ஒரு பங்கு. ஆறு பிரெஞ்சு குழாய் வெளியே சுமார் 2 மி.மீ., உள்ளே 1.8 மி.மீ. துளை. அப்படியானால் சுவர் எவ்வளவு? 0.15 மி.மீ. கூட இல்லை. நீ படிக்கும் இந்தத் தாளில் ஒன்றரைத் தாள் தடிமன். அந்தத் தடிமனுக்குள் மூன்று அடுக்கு. உள்ளே வயர் வழுக்கிப் போக டெஃப்லான், நடுவில் துருப்பிடிக்காத எஃகுப் பின்னல், வெளியே பெப்பாக்ஸ் என்கிற வளையும் பிளாஸ்டிக். சுவரை ஏன் இப்படிச் சுரண்டுகிறோம் என்று நீ கேட்க மாட்டாய். துளை பாதியானால் ஓட்டம் பதினாறில் ஒரு பங்காகும் என்று தோட்டத்தில் சொட்டுநீருக்கு டிரிப் லைன் போடுகிற உனக்கு நான் சொல்லவா?

பின்னல் மெஷினை உனக்குக் காட்ட வேண்டும். நடுவில் மாண்ட்ரல், அதாவது குழாயை உள்ளிருந்து தாங்கும் கம்பி, மேலேறிக்கொண்டிருக்கும். சுற்றி கம்பி சுற்றிய 16 பாபின். எட்டு இடமிருந்து வலம், எட்டு வலமிருந்து இடம், ஒன்றுக்கு உள்ளே ஒன்று, அடுத்ததற்கு வெளியே. முதல் நாள் பார்த்தபோதே எனக்குப் பின்னல் கோலாட்டம்தான் ஞாபகம் வந்தது. உத்தரத்திலிருந்து கயிறு தொங்க, பெண்கள் குறுக்கும் நெடுக்குமாக ஆடிப் பின்னுவார்களே, அதேதான். இங்கே கயிறு முடியைவிட மெல்லிய தட்டைக் கம்பி. பின்னலை நெருக்கினால் குழாய் நன்றாக வளையும், மடங்கி அடைத்துக்கொள்ளாது. தளர்த்தினால் தள்ளும் வலு கூடும்.

மேலே போடும் பெப்பாக்ஸும் ஒரே சரக்கு இல்லை. கடினத்தை அளக்கும் ஷோர் டி கணக்கில், டாக்டர் கையிலிருக்கும் பக்கம் 72, போகப் போக 63, 55, 40, முனையில் 35. துண்டு துண்டாகக் கோர்த்து, மேலே சுருங்கும் உறை மாட்டி, சுடுகாற்றில் காட்டினால் எல்லாம் உருகி ஒரே தோலாகிவிடும். ஆறிய பிறகு உறையைக் கீறி உரிக்க வேண்டும். வாழைநார் உரிப்பது போல ஒரே இழுப்பில் வந்தால் அன்றைக்கு நல்ல நாள். கடினத்திலிருந்து மென்மைக்குச் சட்டென்று இறங்கினால் அந்த எல்லையிலேயே குழாய் முறுக்கிக்கொண்டு மடங்கும். படிப்படியாக இறக்க வேண்டும். இந்தப் பக்கம் கம்பி மாதிரி தள்ள வேண்டும், அந்தப் பக்கம் நூடுல்ஸ் மாதிரி ரத்தக்குழாய்ச் சுவரைக் கீறாமல் போக வேண்டும். ஒரே குழாய்!

எக்ஸ்ரேயில் தெரிய வேண்டும் என்பது இன்னொரு தலைவலி. வயிற்றுப் படம் எடுக்கக் குடிக்கக் கொடுப்பார்களே, அதே பேரியம் சல்ஃபேட்டைப் பிளாஸ்டிக்கில் கலக்கிறோம். நிறையக் கலந்தால் படத்தில் பளிச்சென்று தெரியும், குழாய் சொரசொரத்து வலுவிழக்கும். குறைத்தால் திரையில் பேய் மாதிரி இருக்கும். முக்கியமான இடத்தில் பிளாட்டினம்-இரிடியம் வளையம் ஒன்று மாட்டிவிடுவோம். அம்மா காலில் போன பலூனிலும் அப்படி இரண்டு குட்டி வளையம் இருந்திருக்கும், பலூன் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று காட்ட. பேத்திக்குச் சொல்லச் சொல், பாட்டி காலுக்குப் பிளாட்டினம் போட்டு எடுத்தார்கள் என்று.

இப்போது போன வருஷத்து என் மானக்கேட்டுக் கதை.

புதுத் தண்டு ஒன்று செய்தோம். சோதனைகள் எல்லாம் பாஸ். டாக்டர் ஒருவரை லேபுக்கு அழைத்து, சிலிக்கோனில் வார்த்த ரத்தக்குழாய் மாடலில் ஓட்டிப் பார்க்கச் சொன்னோம். அவர் கைப்பிடியைத் திருப்பினார். முனை அசையவில்லை. இன்னும் கொஞ்சம் திருப்பினார். அசையவில்லை. மூன்றாவது தடவை முனை சடக்கென்று அரை வட்டம் அடித்து எதிர்ப்பக்கச் சுவரில் போய் மோதியது. அவர் ஒன்றும் சொல்லவில்லை. கையுறையைக் கழற்றிவிட்டு, டீ கிடைக்குமா என்றார்.

உனக்குப் புரிகிறதா? அவருக்குத் திரையில் தெரிவது தட்டையான நிழல் மட்டும். மீதியெல்லாம் விரல் நுனியில்தான். விரல் கால் சுற்று சுற்றினால் ஒரு மீட்டர் தள்ளி முனையும் கால் சுற்று சுற்ற வேண்டும். தாமதமாகச் சுற்றினால்கூடப் பழகிக்கொள்வார்கள். எப்போது துள்ளும் என்று தெரியாத குழாயை யாரும் இரண்டாம் முறை கையில் எடுக்க மாட்டார்கள்.

இரண்டு வாரம் பின்னலையே சந்தேகப்பட்டேன். கோணத்தை மாற்றினேன், கம்பியை மாற்றினேன். கடைசியில் ஒரு துண்டை ரெசினில் வைத்து, குறுக்காக வெட்டி, பாலிஷ் போட்டு மைக்ராஸ்கோப்பில் பார்த்தால், வெளித்தோல் ஒரு பக்கம் 60 மைக்ரான், எதிர்ப்பக்கம் 40. பின்னல் பாவம், குற்றமே செய்யவில்லை. பெப்பாக்ஸ் குழாய், அதைப் பிதுக்கும் அச்சான டையிலிருந்து வரும்போதே மையம் தப்பி வந்திருக்கிறது. வெளிவிட்டம் சரி, உள்விட்டம் சரி, அதனால் பாஸ். இரண்டு வட்டமும் ஒரே மையத்தில் இருக்கின்றனவா என்று பார்க்கச் சொல்லி எழுத மறந்தவன் நான்தான்.

தடித்த பக்கமும் மெலிந்த பக்கமும் ஒன்றுபோல ஆறாது, அதனால் தண்டுக்குக் கண்ணுக்கே தெரியாத ஒரு கோணல். நேராக நீட்டிச் சோதித்தால் ஒன்றும் தெரியாது. எங்கள் சோதனை மேசை நேர்கோடு! வளைந்த பாதையில் போட்டால்தான் குணம் வெளியே வரும். சுருளிலிருந்து பிரித்த டிரிப் ட்யூப், பழைய சுருளை மறக்காமல் பாத்தியில் புரண்டு படுக்குமே, அதே புத்தி. தனக்குப் பிடித்த பக்கம் படுத்துக்கொள்ளும், நீ திருப்பத் திருப்ப முறுக்கைச் சேர்த்து வைத்துக்கொள்ளும், தாங்க முடியாதபோது துள்ளும்.

அன்று ராத்திரி எனக்குக் கிண்டி லேப்தான் ஞாபகம். பிளாஸ்டிக்கை உருக்கிக் குழாயாகப் பிதுக்கும் அந்தப் பழைய எக்ஸ்ட்ரூடரில் நீ டையின் நாலு போல்ட்டையும் கால் கால் சுற்றாகத் திருப்பி, சூடு ஆறாத குழாயில் ஒரு வளையம் வெட்டி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து, "தெற்குப் பக்கம் தடி" என்பாய். நாங்களெல்லாம் சிரிப்போம். காலிபர் வைத்துப் பார்த்தால் தெற்குப் பக்கம் தடியாகத்தான் இருக்கும்.

இப்போது என் மேசையில் இருப்பது எம்.ஆர்.ஐ. ஸ்கேனுக்குள் ஓட்டுகிற குழாய். எக்ஸ்ரே கதிர் இல்லை, ஈயக் கோட்டு வேண்டாம், ஆனால் எஃகுப் பின்னலும் ஆகாது. நீளமான உலோகக் கம்பி அந்த மெஷினுக்குள் ஆன்டெனா போல வேலை செய்து சூடாகிவிடும். அதனால் நாரால் பின்னுகிறோம். நார் எஃகு மாதிரி முறுக்கைக் கடத்தாது. ஆக, கொஞ்சநஞ்சம் முறுக்கு வலுவைச் சுவரின் சீரிலிருந்துதான் சம்பாதிக்க வேண்டும். மறுபடியும் உன் போல்ட்டுக்கே வந்து நிற்கிறேன்.

மற்றபடி இங்கே மழை. நேற்றும் மழை. மகன் வயலின் கற்கிறான், காது பழகிவிட்டது. உன் தங்கச்சிக்கு முழங்கால் வலி தேவலை, விசாரித்ததாகச் சொன்னாள். அம்மாவை வெறுங்காலோடு தோட்டத்துக்குப் போக விடாதே, ராத்திரி பாதத்தை நீயே ஒரு தடவை பார். அவர்களுக்குக் குத்தினால் தெரியாது.

இதோடு ஒரு சின்னப் பார்சல் அனுப்புகிறேன். கழித்துப்போட்ட தண்டு மூன்று. ஒன்றை அம்மா கையில் கொடு, முனையைத் தொட்டுப் பார்க்கட்டும், பயம் போகும். மற்ற இரண்டும் உனக்கு. பிளேடில் மெல்லிய வளையமாக வெட்டு, வெறும் கண்ணுக்குப் பிடிபடாது, லென்ஸ் எடுத்துக்கொள். முனையிலிருந்து ஒரு சாண் தள்ளி சிவப்புக் கோடு போட்டிருக்கிறேன், அதை வடக்கு என்று வைத்துக்கொள். எந்தப் பக்கம் தடி என்று எழுது.

உன் பழைய அறைத்தோழன்