மே மாதத்து ஊர்

அன்புள்ள மகளுக்கு, அம்மா எழுதுவது.

ஞாயிற்றுக்கிழமை ஃபோனில் நீ கேட்டதற்கு அப்போதே பதில் சொல்லியிருந்தால் சண்டையாகியிருக்கும். அதனால்தான் அடுப்பில் பால் இருக்கிறது என்று சொல்லி வைத்துவிட்டேன். பால் ஒன்றும் இல்லை. மூன்று நாள் யோசித்து, வாட்ஸ்அப்பில் சொன்னால் உனக்குப் படிக்கப் பொறுமை இருக்காது என்று காகிதம் வாங்கி வந்து எழுதுகிறேன்.

"பூட்டிக் கிடக்கிற வீட்டுக்கெல்லாம் வாட்ச்மேன் வேலை பாக்கத்தான் அங்க உக்காந்திருக்கியா?" என்று கேட்டாய். சாவி என்னிடம் இருப்பது உண்மைதான். ஒரே வளையத்தில் ஏழு வீட்டுச் சாவி. ஆனால் ஏட்டி, நீ இந்த ஊரில் பார்த்தது மே மாதம் ஒன்றைத்தான். 1993-ல் ஒன்றாம் வகுப்புக்கு உன்னை அம்பாசமுத்திரத்தில் ஆச்சியிடம் விட்டோம். இங்கே குஜராத்தி மீடியம் பள்ளிக்கூடம், பிள்ளை தமிழ் எழுத்து தெரியாமல் வளர்ந்துவிடும் என்று ஆச்சி ஒரே பிடியாய் நின்றாள். அதற்கப்புறம் வருஷா வருஷம் நவஜீவன் ரயிலில் ஒன்றரை நாள் உட்கார்ந்து வந்து வதோதராவில் இறங்குவாய். மே முடிந்ததும் கிளம்பிவிடுவாய். அப்பா காலமான ஆவணியில் வந்து பன்னிரண்டு நாள் இருந்தாய். அது கணக்கில் சேராது.

மே மாதத்தில் இந்த ஊருக்கு முகமே கிடையாது. வெயில் 43, 44 என்று நிற்கும். பகலெல்லாம் கதவடைப்பு. ராத்திரி கட்கி முற்றத்தில் கயிற்றுக்கட்டில்களைப் போட்டு வரிசையாகப் படுப்போம். சுந்தோ என்கிற இனிப்பு ஊறுகாய் போடுவதற்கு ராஜாபுரி மாங்காயைத் துருவி, சர்க்கரை கலந்து, வெள்ளைத் துணி கட்டி மாடியில் வெயிலுக்கு வைத்தால், கருமுகக் குரங்கு வராமல் உன்னைக் காவலுக்கு உட்கார வைப்பேன். உனக்கு ஞாபகம் இருப்பது அந்தக் குரங்கும், தித்திக்கிற பருப்பும்தான் என்று நினைக்கிறேன். பருப்பில் வெல்லம் போட்டதற்கு நீ அழுதாய். நான் 1986-ல் கல்யாணமாகி வந்த முதல் வாரம் அதே பருப்புக்கு அழுதவள்தான்.

வந்த புதிதில் எனக்கு ஹிந்தியும் தெரியாது, குஜராத்தியும் தெரியாது. ஊருக்கு நான் "மதராசி பென்", அதாவது மதராசி அக்கா. திருநெல்வேலி என்று நூறு தடவை சொல்லிப் பார்த்தேன், பிரயோசனமில்லை. ஆனால் ஒரு விஷயம் என்னைத் தேற்றியது. இவர்கள் பேச்சில் நம்ம ள இருக்கிறது. ஹிந்திக்காரர்கள் நாக்கில் வராத ள. ஊர் நுழைவாசல் பாகோள். குளம் தளாவ். வெல்லம் கோள். பால் கூட்டுறவு மண்டளி. எங்கேயோ தொலைந்து போன பக்கத்து வீட்டுப் பிள்ளையை அந்நிய ஊர்ச் சந்தையில் பார்த்த மாதிரி இருந்தது. உன் பேரிலிருக்கும் ழ மட்டும் அவர்களுக்கு இன்றுவரை வரவில்லை. அதையும் ள ஆக்கித்தான் கூப்பிடுகிறார்கள், "எப்போ வருவாள்" என்று.

சாவி கதைக்கு வருகிறேன். கட்கி என்றால் உனக்குத் தெரியும்: ஒரே பெரிய கதவு, உள்ளே முற்றத்தைச் சுற்றிப் பங்காளிகள் வீடு. நம் கட்கியில் பதினோரு வீடு. இன்றைக்கு அடுப்பெரிவது நாலில், அதில் ஒன்று வாடகைக்கு இருக்கிற நான். மற்ற ஏழு வீட்டுக்காரர்களும் லெஸ்டர், லண்டன், நியூ ஜெர்சி. இவர்களில் பாதிப் பேரின் தாத்தாக்கள் முதலில் போனது உகாண்டாவில் கம்பாலாவுக்கு. 1972-ல் இடி அமீன் விரட்டியபோது ஆளுக்கொரு பெட்டியுடன் இங்கிலாந்தில் போய் இறங்கினார்கள். ஊர் வீட்டை விற்கவில்லை. கோடி வீட்டுக் கிழவி, பா என்று கூப்பிடுவோம், அடிக்கடி சொல்லுவாள், ஒரு தடவை விரட்டப்பட்டவன் திரும்பி வருவதற்கு ஒரு கதவை வைத்திருப்பான் என்று.

மாதம் ஒரு தடவை ஒவ்வொரு வீடாகத் திறப்பேன். உயரப் பலகையில் அடுக்கிய பித்தளைப் பாத்திரங்களைத் துடைக்கவெல்லாம் என்னால் ஆகாது, தூசி மட்டும் தட்டுவேன். ஜன்னலைத் திறந்து வைத்துவிட்டு ஹீஞ்ச்கோ என்கிற ஊஞ்சலில் கொஞ்ச நேரம் உட்கார்ந்து ஆடுவேன். சங்கிலி துருப்பிடிக்காமல் இருக்க என்று வெளியே சொல்லிக்கொள்வது. அந்த வீட்டுப் பெண்கள் ஃபோன் பண்ணி, "சத்தம் கேட்கட்டும், அப்படியே ஆடுங்கள்" என்பார்கள். பதினைந்து நிமிஷம் ஒன்றும் பேசாமல் அங்கே அவள் கேட்பாள், இங்கே நான் ஆடுவேன். இதற்கு வாட்ச்மேன் என்று பேர் வைத்தால் வைத்துக்கொள்.

நீ பார்க்காத மாதங்களைச் சொல்கிறேன்.

ஆடி வாக்கில் சின்னப் பெண் பிள்ளைகள் கௌரி விரதம் இருப்பார்கள். ஐந்து நாள் உப்பில்லாச் சாப்பாடு. கூடையில் மண் போட்டுக் கோதுமை விதைத்து முளை விட்டதும் தலையில் வைத்துக் கோயிலுக்குக் கொண்டு போவார்கள். முதல் தடவை அந்த மஞ்சள் முளையைப் பார்த்து நான் நடுத்தெருவில் நின்றுவிட்டேன். நம்ம முளைப்பாரியேதான். உனக்கு எட்டு வயசு இருக்கும்போது உனக்கும் சேர்த்து ஒரு கூடை விதைத்தேன். இதுவரை உன்னிடம் சொன்னதில்லை.

நவராத்திரிக்கு ஆனந்த் டவுனில் லைட்டும் ஸ்பீக்கருமாக அமர்க்களம். அதைத்தான் டிவியில் பார்த்திருப்பாய். இங்கே அம்மனுக்கு முன்னால் துளை போட்ட மண்பானைக்குள் விளக்கை வைத்து, கிழவிகள் கைதட்டிப் பாடிக்கொண்டே சுற்றுவார்கள். கும்மி தெரிந்தவளுக்கு ரெண்டே நாளில் கால் பழகிவிடும். பொங்கலன்று இவர்களுக்கு உத்தராயண். காற்றாடிக் கயிற்றில் கண்ணாடித்தூள் மாஞ்சா, மாடியெல்லாம் சத்தம், மத்தியானம் உந்தியு என்கிற காய்கறிக் கூட்டு. மறுநாளும் வாசி உத்தராயண் என்று லீவு போட்டுவிடுவார்கள். அந்த இரண்டு நாளும் நாரைகளும் புறாக்களும் கழுத்தறுந்து விழும். உங்கப்பா மாட்டு டாக்டராக இருந்தும் அன்றைக்குப் பறவைக்குத் தையல் போட்டுக்கொண்டிருப்பார். ஊருக்கு நடுவே சபுத்ரோ என்று கோபுரம் கட்டி தினம் தானியம் போடுகிற அதே ஜனங்கள்தான். கேட்டால் சிரிப்பார்கள்.

நல்லதை மட்டும் எழுதினால் நீ நம்பமாட்டாய். முதல் வருஷம் ஒரு வீட்டு ஓட்லோவில், திண்ணையில், உட்கார்ந்திருந்தேன். சுவர் மாடத்தில் தனியாக ஒரு கோப்பை. அதை எடுக்கப் போனேன், அந்த வீட்டுக் காகி, அதாவது சித்தி, பதறித் தடுத்தாள். மேற்கு வாஸிலிருந்து, அதாவது தலித் குடியிருப்பிலிருந்து, வேலைக்கு வருகிறவர்களுக்காம். அதற்கு ராம்பாத்ர என்று பேர். இவ்வளவு அழகான பேரை வைத்துக்கொண்டு இவ்வளவு கேவலமான காரியம். ஆச்சரியப்பட எனக்கு யோக்கியதை இல்லை, நம்ம பக்கத்து டீக்கடை ரெட்டை டம்ளரைப் பார்த்து வளர்ந்தவள். கல்யாணம் என்றாலும் கணக்குதான். கரம்சத், நடியாத், வசோ, சோஜித்ரா, தர்மஜ், பாத்ரண் என்று ஆறு ஊர்ப் பட்டேல்கள் தங்களுக்குள்தான் கொடுத்து எடுப்பது பெருமை. நம்ம ஊர் அந்த ஆறில் இல்லை. அந்தப் புண் இன்னும் ஆறவில்லை.

2002 கலவரத்தைப் பற்றி நீ ரெண்டு தடவை கேட்டாய், ரெண்டு தடவையும் பேச்சை மாற்றினேன். பாகோள் பக்கத்தில் பஞ்சடித்து மெத்தை தைக்கிற பிஞ்சாரா முஸ்லிம் குடும்பம் ஒன்று இருந்தது. உனக்குத் தொட்டில் மெத்தை தைத்தது அவர்கள்தான். அந்த மார்ச்சில் ஒரு ராத்திரி கிளம்பிப் போனார்கள். போனவர்கள் வரவில்லை. யாரும் அவர்கள் பேரை எடுப்பதும் இல்லை. இத்தனை வீட்டுச் சாவி என்னிடம் வந்திருக்கிறது, அந்த வீட்டுச் சாவியை அவர்கள் யாரிடமும் கொடுத்துவிட்டுப் போகவில்லை. நானும் போய் நிற்கவில்லை. அவ்வளவுதான் என்னால் எழுத முடியும்.

ஆனாலும் ஒரு இடம் இருக்கிறது, மண்டளி. காலையிலும் சாயங்காலமும் தூக்கைத் தூக்கிக்கொண்டு பட்டேல் வீட்டுக் காகியும், தாகோர் வீட்டு மருமகளும், வண்கர் வாஸ் பெண்ணும் ஒரே வரிசையில் நிற்கிறார்கள். வந்தவர் முன்னால், அதுதான் சட்டம். எல்லார் பாலும் ஒரே கேனில் விழுகிறது. அதற்குமேல் சேர்ந்து ஒரு வாய் சாப்பிடமாட்டார்கள் என்பதும் உண்மைதான். முன்பெல்லாம் சாம்பிள் பாட்டிலில் ஆசிட் ஊற்றிச் சுற்றி கொழுப்பு பார்ப்பார்கள், மூக்கெரியும். இப்போது மெஷின் ஒரு நிமிஷத்தில் சீட்டைத் துப்புகிறது. எருமைப் பாலில் கொழுப்பு ஆறு சதவீதத்துக்குக் கீழே போனால் மாமியார் வாயில் மருமகள் விழுவாள். காலைப் பாலுக்குச் சாயங்காலமே கையில் காசு தருவதும் நின்றுவிட்டது, எல்லாம் பேங்க் கணக்கு. கணக்கு புருஷன் பேரில் இருக்கிற வீட்டில் பெண்களுக்கு அது இறங்குமுகம்தான். ஊர்க்கூட்டத்தில் ஒருத்தி எழுந்து அதைக் கேட்டே விட்டாள்.

கோடி வீட்டுப் பாவுக்கு 1946 ஞாபகம் இருந்தது. பம்பாய்க்குப் போகிற பாலை இடைத்தரகன் வைத்த விலைக்குத் தரமாட்டோம் என்று கேடா ஜில்லா முழுக்கப் பதினைந்து நாள் ஊற்றவில்லை. அப்போது அவளுக்குப் பத்து வயசு. "அந்தப் பதினைந்து நாளும் நெய்யாகத் தின்றோம்" என்று சிரிப்பாள். அந்த வருஷம் டிசம்பரில் பதிவான சங்கம்தான் பின்னால் அமுல் ஆனது. நாற்பது வருஷம் கழித்து அங்கே உங்கப்பாவுக்கு வேலை கிடைத்தது. நடுராத்திரி கன்று குறுக்கே கிடக்கிறது என்று ஆள் வந்தால் டார்ச்சை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார். திரும்பி வரும்போது சட்டைக் கை தோள்வரை நனைந்திருக்கும். நெத்திலி மட்டும்தான் அவருக்கு இங்கே குறை.

அவர் போனதும் எருமையை விற்றுவிட்டேன். ஊற்றுவதற்கு என்னிடம் பால் இல்லை. இருந்தாலும் சாயங்காலம் அரை லிட்டர் வாங்கப் போகிறேன். வாங்குகிறவர்களுக்கு வரிசை கிடையாது. நான் வரிசையில்தான் நிற்கிறேன். பேச்செல்லாம் அங்கேதானே.

உன் பத்தாவது மாடி ஃப்ளாட்டில் ஒரு ரூம் எனக்கென்று பெயின்ட் அடித்து வைத்திருக்கிறாய். மாப்பிள்ளை போட்டோ அனுப்பினார். வரமாட்டேன் என்று சொல்லவில்லை. லெஸ்டர் வீட்டுப் பேரன் தை மாதம் வந்து வீட்டை விற்றுவிட்டுப் போகிறேன் என்கிறான். அப்போது சாவி ஆறாகிவிடும். வருஷத்துக்கு ஒன்றாகக் குறைந்தாலும் என் காலம் ஓடிவிடும் என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன். நீ திட்டுவாய். நாலு மாதம் உன்னிடம், மீதி இங்கே. இதைப் பேசலாம். ஆனால் முதலில் நீ ஒரு தடவை மே மாதம் இல்லாமல் வா.

தீபாவளிக்கு வா. மறுநாள் இவர்களுக்கு வருஷப் பிறப்பு. பொழுது விடியுமுன்னே பையன்கள் "சப்ரஸ், சப்ரஸ்" என்று கூவி உப்பு விற்று வருவார்கள். வருஷத்தின் முதல் கொள்முதல் உப்பாகத்தான் இருக்கணும். பூட்டின வீட்டுக்கும் ஒவ்வொரு பிடி வாங்குவேன். அந்த உப்பில்தான் எனக்கு மார்கழிவரை ரசம். வரும்போது கருப்பட்டி கொண்டு வா. போன தடவை நீ கொண்டு வந்ததைப் பக்கத்து வீட்டுக் காகி சாக்லேட் என்று நினைத்துக் கடித்துப் பல் ஆடிவிட்டது. ஆனாலும் கேட்கிறாள்.

தீபாவளிக்கு முந்தின நாளே வந்துவிடு. அன்றைக்குக் காளி சௌதஸ். வீட்டிலிருக்கிற சண்டை சச்சரவை, கக்ளாட் என்பார்கள், வெளியே கொண்டு போய் விடுகிற நாள். சாயங்காலம் வடை சுட்டு நாற்சந்தியில் வைத்து, சுற்றித் தண்ணீரால் வட்டம் போட்டுவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் வரணும். பூட்டின வீட்டுக்கும் நான்தான் வைக்கிறேன். ஆளில்லாத வீட்டில் என்ன சண்டை என்று கேட்டதற்கு, "அவர்கள் போடுகிற சண்டையெல்லாம் அங்கே, சொத்து இங்கேதானே" என்றாள் காகி.

இந்தத் தடவை நம்ம வீட்டுக்கு இரண்டு வடை சுடுகிறேன். ஒன்றை நீ கொண்டு வந்து வை. 1993-க்கானது அது.

அம்மா