தாம்பரம் இல்லை, தம்பெரே

தம்பெரே
பொங்கல் ராத்திரி, 15-1-2024

மாப்ள சுப்பு,

அத்தை, மைனி, குட்டிப் பயல் எல்லாரும் நலமா? நான் நலம். நலம் விசாரிப்பு முடிந்தது.

கவரைப் பார்த்ததும் 'இவனுக்கு என்ன கோட்டி பிடிச்சிட்டா' என்று நினைத்திருப்பாய். போனில் எழுதியிருக்கலாம்தான். ஆனால் நம் வாட்ஸ்அப்பைத் திறந்தால், நான் கடைசியாக அனுப்பிய அந்த ஒற்றை வார்த்தை முழித்துக்கொண்டு நிற்கிறது. அதற்கு அடியில் 'பொங்கல் வாழ்த்துகள்' என்று எழுதக் கை வரவில்லை. ஒரு மாதமாகவே வரவில்லை. அதனால்தான் பேப்பரும் பேனாவும். அந்த விஷயத்துக்கு அப்புறம் வருகிறேன். கொஞ்சம் தைரியம் சேர வேண்டும்.

இன்றைக்கு இங்கேயும் பொங்கல் வைத்தேன். ஹாஸ்டல் அடுப்பில் நெருப்பு கிடையாது, மேல் பக்கம் முழுக்கக் கண்ணாடி, விரலால் தொட்டால் சூடாகும். பால் பொங்கி வழிந்ததும் 'பொங்கலோ பொங்கல்' என்று மெதுவாகத்தான் சொன்னேன், பக்கத்து அறைக்காரன் பயந்துவிடக் கூடாது பார். சொல்லி முடிப்பதற்குள் அடுப்பு நாலு தடவை கீச்சிட்டுவிட்டு அணைந்துவிட்டது. கண்ணாடி மேல் ஏதாவது வழிந்தால் அதுவாகவே நின்றுகொள்ளுமாம். பொங்கினால் கோபப்படுகிற அடுப்பில் பொங்கல் வைத்தவன் இந்த உலகத்தில் நான் ஒருத்தன்தான் இருப்பேன். துடைத்துவிட்டு மறுபடி போட்டு, அரைவேக்காட்டில் இறக்கித் தின்றேன். மஞ்சள் கொத்துக்குப் பதிலாகப் பாத்திரத்தின் கழுத்தில் மஞ்சள் பொடியைக் குழைத்துப் பூசியிருந்தேன். அதைக் கழுவப் போய்ப் பொது ஸ்பாஞ்சு மஞ்சளாகிவிட்டது. நாளைக்கு அதற்கு ஒரு பஞ்சாயத்து இருக்கிறது.

அம்மா இன்னும் தெருவில் நான் 'தாம்பரத்தில்' படிப்பதாகத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறாளாம். பின்லாந்து, தம்பெரே என்று எத்தனை தடவை சொல்லிக் கொடுத்தாலும் நாக்கு தாம்பரத்தில்தான் போய் நிற்கிறது. மேல வீட்டு ஆச்சி, 'தாம்பரத்துல நெல்லை எக்ஸ்பிரஸ் நிக்குமே, பொங்கலுக்கு ஒரு எட்டு வந்துட்டுப் போனா என்னவாம்' என்று கேட்டிருக்கிறாள். அம்மாவால் பதில் சொல்ல முடியவில்லையாம். என்னிடமும் பதில் இல்லை.

வந்த புதிதில், எதைக் கொடுத்தாலும் தின்று பார்ப்பது என்று ஒரு வைராக்கியம் வைத்திருந்தேன் அல்லவா, அதை முதலில் உடைத்தது ஒரு மிட்டாய். கறுப்பாக இருக்கும், பெயர் சல்மியாக்கி. வாயில் போட்டதும் எங்கேயோ முகர்ந்த நெடியாக இருக்கிறதே என்று யோசித்தேன். ஈயம் பூசுகிறவர் நம் தெருவில் உட்கார்ந்து பாத்திரத்தில் தேய்ப்பாரே நவச்சாரம், அதேதான்! அதைப் போட்டு மிட்டாய் செய்து குழந்தைகளுக்குக் கொடுக்கிறார்கள். குழந்தைகளும் சிரித்துக்கொண்டே தின்கின்றன. ஆனால் இந்த ஊர்ப் பெருமையான கறுப்பு சாசேஜ் எனக்குப் பிடித்துவிட்டது. ரத்தமும் தானியமும் சேர்த்து அடைத்தது, சந்தையில் சூடாகக் கொடுப்பார்கள், தொட்டுக்கொள்ளப் புளிப்பான சிவப்புப் பழத்தின் ஜாம். கூட வந்த வடநாட்டுப் பையன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். ஞாயிற்றுக்கிழமை ரத்தப் பொரியலுக்கு உன்னோடு சட்டியைப் பிடித்து இழுத்தவனுக்கு இதெல்லாம் ஒரு விஷயமா? கொஞ்சம் சின்ன வெங்காயமும் தேங்காய்ப் பூவும் இருந்திருக்கலாம் என்று தோன்றியது, அவ்வளவுதான்.

இன்னொன்று. ஊருக்கு நடுவில் ஓர் ஆறு இரண்டு ஏரிகளுக்கு இடையே பதினெட்டு மீட்டர் சரிந்து ஓடுகிறது. அந்த வேகத்தை நம்பி 1820-ல் ஃபின்லேசன் என்ற ஸ்காட்லாந்துக்காரர் வந்து பட்டறை போட்டார். பின்னால் அது பெரிய பஞ்சாலை ஆனது. செங்கல் கட்டடங்கள் இன்னும் நிற்கின்றன, உள்ளே சாப்பாட்டுக் கடையும் சினிமாவும். பாபநாசத்தில் தண்ணீர் விழுகிற வேகத்தை வைத்து மில் ஓட்டிய ஹார்வி சகோதரர்களும் ஸ்காட்லாந்துக்காரர்கள்தானே? உன் தாத்தா சங்கு ஊதும் முன்னால் எழுந்து ஓடிய கதையை ஆயிரம் தடவை சொல்லியிருப்பார். அந்த ஆற்றுப் பாலத்தில் நிற்கும்போதெல்லாம் அவர் இருமுகிற சத்தம் எனக்குக் கேட்கும்.

சரி, சுற்றி வளைத்தது போதும்.

சனிக்கிழமை நமக்கு எண்ணெய்க் குளியல் மாதிரி இவர்களுக்குச் சனிக்கிழமை சௌனா. மர அறை, நடுவில் சுடச்சுடக் கல் அடுக்கு, அதில் தண்ணீரை அள்ளி வீசினால் ஆவி வந்து காதைக் கடிக்கும். அதோடு விட்டால் பரவாயில்லை. ஏரிக்கரையில் பொது சௌனா ஒன்று இருக்கிறது, அங்கே வெந்துவிட்டு நேராகப் போய், உறைந்த ஏரியில் ஓரிடத்தில் மட்டும் உறையவிடாமல் வைத்திருக்கிற தண்ணீரில் இறங்க வேண்டும். தண்ணீர் ஒரு டிகிரி. இரண்டு மாதமாக ஏதேதோ சொல்லித் தப்பித்து வந்தேன். டிசம்பர் 17, ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், எழுபது வயதுக்கு மேலிருக்கும் ஓர் ஆச்சி கம்பளித் தொப்பியைக் கழற்றாமல், வாளித் தண்ணீரில் கால் நனைப்பது போல இறங்கி, நாலு கை நீந்திவிட்டு ஏறிப் போனாள். அதற்கு மேல் எனக்கு மானம் இருக்கிறதா இல்லையா?

இறங்கினேன். மூச்சு நெஞ்சிலேயே நின்றுவிட்டது. 'ஏ எம்மா' என்று கத்தியிருக்கிறேன், கூட வந்தவன்தான் சொன்னான். மேலே ஏறியதும் உடம்பெல்லாம் ஊசி குத்தி, அப்புறம் வந்தது பார் ஒரு சூடு, பனிமேல் வெறுங்காலோடு நின்று சிரித்துக்கொண்டிருந்தேன். அப்போது எடுத்த போட்டோவைத்தான் உனக்கு அனுப்பினேன். 'லே, குறுக்குத்துறையெல்லாம் சும்மா' என்று கீழே எழுதி.

ஒரு டிக். அரை மணி நேரம் பார்த்தேன், ஒரு டிக்தான். என்னைத் தாமிரபரணியில், நம் குறுக்குத்துறைப் படித்துறையில் பிடரியைப் பிடித்து அமுக்கி நீச்சல் பழக்கியவன் நீ. நீ பார்த்தால்தானே எனக்கு அது குளியல்? எரிச்சலில் இன்னொன்றும் அனுப்பினேன்: 'பொறாமையா?'

அந்த நேரத்தில் உங்களுக்கு ராத்திரி எட்டரை, ஒன்பது இருக்கும். கரண்ட் போய், உன் ஜெராக்ஸ் கடையில் வெள்ளத் தண்ணீர் ஏறிக்கொண்டிருந்திருக்கிறது.

எனக்குத் திங்கட்கிழமை காலையில்தான் தெரியும். நெல்லை ஜங்ஷன் தண்டவாளம் மூழ்கிக் கிடக்கிறது, ஸ்ரீவைகுண்டத்தில் ரயில் பயணிகளோடு நிற்கிறது, காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கு மேல் மழை. குறுக்குத்துறைக் கோயில் மூழ்கிய வீடியோவை எத்தனை தடவை பார்த்தேன் என்று கணக்கில்லை. அதை 'சும்மா' என்று எழுதிய கைதான் இது.

அம்மா மேட்டுத் தெருவில் இருந்ததால் செவ்வாய்க்கிழமை எப்படியோ பேசிவிட்டாள். உன்னைப் பற்றி அவளுக்கும் ஒன்றும் தெரியவில்லை. நம் கூட்டாளிப் பயல்கள் வாத்தியாருக்கும் லைன் இல்லை, சோடாபுட்டிக்கும் லைன் இல்லை. அந்த 'பொறாமையா'வை அழித்துவிடலாம் என்று விரல் வைத்தேன், மாப்ள. அழிக்கவில்லை. அழித்துவிட்டால் இரண்டாவது டிக் எதில் விழும்? உன் போன் உயிரோடு இருக்கிறதா என்று எனக்குச் சொல்ல அது ஒன்றுதான் இருந்தது. வகுப்பில், பஸ்ஸில், கழிப்பறையில் என்று மூன்று நாள் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். மத்தியானம் மூன்று மணிக்கே இங்கே இருட்டிவிடும், போன் வெளிச்சம் மட்டும்தான்.

புதன்கிழமை இரண்டாவது டிக் விழுந்தது. கொஞ்ச நேரத்தில் நீலமானது. அப்புறம் நீ கூப்பிட்டாய். நாற்பது வினாடி. 'எல்லாரும் மாடியில இருக்கோம், ஒண்ணும் இல்லல, சார்ஜ் நிக்காது வைக்கேன்.' போட்டோவைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. ரெண்டு திட்டுத் திட்டியிருந்தால் நான் அன்றைக்கே சரியாகியிருப்பேன். இனிமேலாவது திட்டி எழுது.

அந்த ஏரிப் பக்கம் அப்புறம் போகவில்லை. ஜனவரி முதல் வாரம் இங்கே மைனஸ் 25-க்கும் கீழே போனது, அதைச் சாக்காக வைத்துக்கொண்டேன்.

வாத்தியார்தான் மீதியைச் சொன்னான். ஜெராக்ஸ் மெஷின் இரண்டும் போச்சு, பேப்பர் கட்டெல்லாம் கூழாகிக் கிடந்தது, நீயும் மைனியும் ஒரு வாரம் சேறு அள்ளினீர்கள் என்று. வாத்தியார் கணக்குக்கு இருநூறு யூரோ போட்டிருக்கிறேன், பதினெட்டாயிரம் சொச்சம் வரும். உன் கணக்குக்குப் போட்டால் திருப்பி அனுப்பிவிடுவாய் என்று தெரியும். சனி ஞாயிறுகளில் ஆபீஸ் தரை துடைத்த காசு, கல்விக் கடனில் எடுத்தது இல்லை. பெருமை பேசாமல் வாங்கிக்கொள். இன்சூரன்ஸ் இருந்ததா? இருந்திருந்தால்தான் நீ சுப்பு இல்லையே.

ஒன்று மட்டும் மறக்காமல் எழுது. கடையில் வடக்குச் சுவரில் காலண்டர் மாட்ட நான் அடித்த கோண ஆணி இருக்கிறதே, தண்ணீர் அதற்கு மேலே போனதா, கீழேயே நின்றதா? வாத்தியாரிடம் கேட்டால் 'இடுப்பளவு' என்கிறான். அவன் இடுப்பை வைத்து நான் என்ன கணக்குப் போடுவது?

உன்,
தாம்பரத்தான்