உறைந்த எண்ணெய் உதாரணம் சரியில்லை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பாலக்காடு மாவட்டம் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் ப்ளஸ் டூ பிள்ளைகளுக்கு இயற்பியல் சொல்லிக்கொடுக்கிறேன். சென்ற இதழில் வந்த திரவப் படிகக் கட்டுரையை (திரவம் மாதிரி ஓடும், ஆனால் படிகம் மாதிரி ஒழுங்கும் உள்ள பொருள்நிலை அது) வகுப்பில் சத்தமாகவே வாசித்தோம். இந்த விஷயத்தைத் தமிழில் எடுத்து எழுதியதற்கு நன்றி. ஆனால் அதில் திரவப் படிகத்தை மார்கழிக் குளிரில் பாதி உறைந்து நிற்கும் தேங்காய் எண்ணெயோடு ஒப்பிட்டிருந்தார்கள். கேரள எல்லையில் இருப்பவர்களுக்குச் சட்டென்று மனதில் பதியும் உதாரணம்தான், அதனால்தான் அதைத் திருத்தியே ஆக வேண்டும் என்று எழுதுகிறேன்.

பாதி உறைந்த எண்ணெயில் இரண்டு நிலைகள் சேர்ந்து கிடக்கின்றன. வெள்ளையாக உறைந்த துகள்கள் ஒரு பக்கம், அவற்றைச் சுற்றித் தெளிந்த எண்ணெய் இன்னொரு பக்கம். துணியில் வடிகட்டினால் பிரிந்துவிடும். திரவப் படிகத்தை அப்படிப் பிரிக்க முடியாது, எந்தத் துளியை எடுத்துப் பார்த்தாலும் அதே ஒழுங்கும் அதே ஓட்டமும் இருக்கும், ஏனென்றால் அது கலவை இல்லை, தனி ஒரு நிலை. அதிலும் கட்டுரை தொடாமலே விட்ட அடுக்கு நிலை இருக்கிறதே, ஸ்மெக்டிக் என்பார்கள், அதில் மூலக்கூறுகள் தங்கள் அடுக்குக்குள் திரவம் மாதிரியே தாறுமாறாக நகர்கின்றன. அடுக்குக்குக் குறுக்கே பார்த்தால் மட்டும் சீரான இடைவெளியில் நிற்கின்றன. அதாவது இரண்டு திசைகளில் உருகிவிட்டது, மூன்றாவது திசையில் உருகவில்லை. இதைச் சொல்லாமல் தொலைக்காட்சித் திரை, கால்குலேட்டர் என்று முடித்துக்கொண்டால் பிள்ளைகளுக்கு நல்ல பகுதி போய்ச் சேராமலே போகிறது.

எங்கள் ஊர் வெயிலுக்கே அளந்து செய்த மாதிரி ஒரு பொருள் இருக்கிறது, 8சிபி என்று பெயர். இரண்டு பென்சீன் வளையங்கள் ஒட்டிய விறைப்பான நடுப்பகுதி, ஒரு முனையில் சயனோ தொகுதி (கார்பனும் நைட்ரஜனும் இணைந்தது), மறுமுனையில் எட்டு கார்பன் கொண்ட நெகிழ்வான வால். சுமார் 21.5 டிகிரி செல்சியஸுக்குக் கீழே அது சாதாரணப் படிகம். அதற்கு மேல் 33.5 வரை அடுக்கு நிலை. பிறகு 40.5 வரை நெமட்டிக், அதாவது மூலக்கூறுகள் ஏறத்தாழ ஒரே திசையைப் பார்த்து நிற்கும், ஆனால் அடுக்கு கிடையாது. அதையும் தாண்டினால் தண்ணீர் மாதிரி தெளிந்த வெறும் திரவம். பங்குனி சித்திரையில் இங்கே விடியற்காலை 26, 27 டிகிரி இருக்கும், மதியம் 38, 39, சில நாள் 40ஐயும் தாண்டும். இந்தப் பொருளை ஒரு குப்பியில் போட்டு வெயில் படாத திண்ணையில் வைத்தால் காலையில் பசை மாதிரி வெளுத்திருக்கும், வெயில் ஏற ஏறக் கலங்கலாக ஓடத் தொடங்கும், மிகக் கடுமையான நாளில் தெளிந்தும் போகும். சாயங்காலம் அதே வழியில் திரும்பி வரும். கடையில் வாங்கும் கருவிகளில் ஒற்றைப் பொருளைப் போடாமல் பலவற்றைக் கலந்து நெமட்டிக் நிலையை 60 டிகிரியோ அதற்கு மேலோ வரை நீட்டிவைப்பதும் இதனால்தான். வாலில் ஐந்து கார்பன் உள்ள 5சிபி தனியாக இருந்தால் 35 டிகிரியிலேயே தெளிந்துவிடும், மத்தியானம் திரையில் ஒன்றும் தெரியாது.

சரி, அடுக்கு எதனால் வருகிறது? வாலைப் பாருங்கள். 5சிபியில் அடுக்கு நிலையே இல்லை. எட்டு கார்பனுக்கு வந்ததும் தோன்றுகிறது. ஒன்பதில் நெமட்டிக் ஒன்றிரண்டு டிகிரிக்குச் சுருங்கிவிடுகிறது. பத்தில் நெமட்டிக்கே கிடையாது, அடுக்கிலிருந்து நேரே திரவம். நீண்ட வால்கள் வால்களோடும் விறைத்த நடுப்பகுதிகள் நடுப்பகுதிகளோடும் சேர்ந்திருக்கவே பார்க்கின்றன, வால் நீள நீள அந்தப் பிரிவு வலுக்கிறது. வேதியியல் வகுப்பில் கார்பன் எண்ணிக்கையை மனப்பாடம் செய்யும் பிள்ளைக்கு, ஒவ்வொரு கார்பனும் பொருளின் நிலையையே மாற்றுகிறது என்று காட்ட இதைவிட நல்ல வரிசை எனக்குத் தெரிந்து இல்லை.

இன்னொன்றும் உண்டு. 8சிபி மூலக்கூறின் நீளம் சுமார் 2.2 நானோமீட்டர். எக்ஸ்ரேயில் அளந்தால் அடுக்கின் கனமோ சுமார் 3.2. ஒரு மூலக்கூறுக்கு அதிகம், இரண்டுக்குக் குறைவு. சயனோ முனை மின்னூட்டம் ஒரு பக்கம் சாய்ந்த முனை, அதனால் பக்கத்துப் பக்கத்து மூலக்கூறுகள் எதிரெதிராகத் திரும்பி, சயனோ பக்கத்து விறைப்பான பகுதிகள் ஒன்றன்மேல் ஒன்று பாதி ஏறி இணைகின்றன. அந்த இணையின் நீளம்தான் அடுக்கின் கனம். பக்கத்து மூலக்கூறுகள் இப்படி எதிரெதிராக நிற்கும் என்று 1970களில் கணக்குப்போட்டுச் சொன்னவர்கள் பெங்களூரு ராமன் ஆராய்ச்சி நிலையத்தில் இருந்த எஸ். சந்திரசேகரும் என். வி. மதுசூதனாவும். (நோபல் வாங்கிய வானியல் சந்திரசேகர் வேறு, இவர் வேறு. இருவருமே ராமனின் உறவினர்கள்.) 1977இல் இதே சந்திரசேகரும் பி. கே. சதாசிவா, கே. ஏ. சுரேஷ் இருவரும் தட்டு வடிவ மூலக்கூறுகளாலும் திரவப் படிகம் உண்டாகும் என்று கண்டுபிடித்தார்கள், உலகமே அதுவரை குச்சி வடிவத்தைத்தான் எதிர்பார்த்திருந்தது. கட்டுரையில் ஐரோப்பியப் பெயர்கள் வரிசையாக வருகின்றன, 1888இல் ப்ராக் நகரில் ரைனிட்சர் இரண்டு உருகுநிலைகளைக் கண்டது வரை சரியாகவே இருக்கிறது, ஆனால் இங்கிருந்து ஒரே ராத்திரி ரயில் தூரத்தில் நடந்த வேலைக்கு ஒரு வரி கூட இல்லை. இது எனக்கு உண்மையிலேயே வருத்தம்.

அடுக்கு இருப்பதை முதலில் எக்ஸ்ரே சொல்லவில்லை என்பதையும் எழுதியிருக்கலாம். 1910இல் ஜார்ஜ் ஃப்ரீடெலும் கிராஞ்சானும் நுண்ணோக்கியில் நீள்வட்டங்களையும் அதிபரவளையங்களையும் ஜோடி ஜோடியாகப் பார்த்தார்கள். சம கனமுள்ள அடுக்குகள் கனம் மாறாமல் வளைந்தால்தான் அந்த வடிவங்கள் வரும். ப்ளஸ் டூவில் நாம் கூம்பு வெட்டு வளைவுகள் என்று பரீட்சைக்கு மட்டும் படிக்கிறோமே, அதே வடிவங்களிலிருந்து கண்ணுக்குத் தெரியாத அடுக்கை ஊகித்துவிட்டார்கள். எக்ஸ்ரே சான்று 1923இல்தான் வந்தது.

நிலைமாற்றத்துக்கு வருகிறேன், என் கடிதத்தின் முக்கியமான பகுதி இதுதான். பனிக்கட்டி உருகும்போது உள்ளுறை வெப்பம் (சூடு ஏறாமல் நிலை மாறுவதற்கே செலவாகும் வெப்பம்) வேண்டும், மாற்றம் திடீரென்று நடக்கும். 8சிபியில் அடுக்கு நிலை நெமட்டிக்காகும்போது அளந்தால் உள்ளுறை வெப்பம் அகப்படவே மாட்டேன் என்கிறது. 1971இல் இயற்பியலாளர் மக்மில்லன் ஒரு கணக்குச் சொன்னார்: அடுக்கு குலையும் வெப்பநிலையை முழுவதும் திரவமாகும் வெப்பநிலையால் வகுங்கள், கெல்வினில், 0.87க்குக் கீழே வந்தால் மாற்றம் தொடர்ச்சியானது, மேலே என்றால் திடீர் மாற்றம். 8சிபிக்கு 0.98 வருகிறது. கணக்குப்படி திடீரென்று மாற வேண்டும், பொருளோ தொடர்ச்சியாக மாறுகிற மாதிரி நடக்கிறது. 1972இல் பிரெஞ்சு இயற்பியலாளர் டி ஜென் இந்த மாற்றத்தின் கணிதம் மீக்கடத்தியின் (மிகுந்த குளிரில் மின்தடையே இல்லாமல் போகும் பொருளின்) கணிதம்தான் என்று காட்டினார். மீக்கடத்தி காந்தப்புலத்தை வெளியே தள்ளும், அடுக்கு நிலை முறுக்கையும் ஒருவகை வளைவையும் வெளியே தள்ளும். 1974இல் ஹால்பெரின், லூபென்ஸ்கி, மா மூவரும், ‘இல்லை, மிக மிக லேசாகவாவது திடீர் மாற்றமாகத்தான் இருக்க வேண்டும்’ என்றார்கள். பிறகு 1988இல் ரென்னும் லூபென்ஸ்கியும் மீக்கடத்தியில் காந்தச் சுழல்கள் நுழைவதுபோல் அடுக்குக்குள் முறுக்கு நுழையும் ஒரு நிலை உண்டு என்று காகிதத்தில் எழுத, அடுத்த ஆண்டே குட்பியும் கூட்டாளிகளும் அதை ஆய்வகத்தில் கண்டார்கள். திரவ ஹீலியம் வேண்டிய இயற்பியலின் கணிதம் எங்கள் திண்ணை வெப்பநிலையில் நடக்கிறது. இதைப் பிள்ளைகளிடம் சொல்லாமல் இருக்க எனக்கு மனசு வரவில்லை.

சுருக்கமாக இன்னும் ஒன்று. நம் செல் சவ்வும் அடுக்குத் திரவப் படிகம்தான், அங்கே வெப்பத்தோடு தண்ணீரும் சேர்ந்து அடுக்கை உண்டாக்குகிறது. நுரையீரலில் ஏராளமாக இருக்கும் டிபிபிசி என்ற கொழுப்பு தனியாக இருந்தால் 41 டிகிரியில்தான் இளகும், 37 டிகிரி உடம்பில் விறைத்துப்போய் நிற்கும். அதனால் வால் வளைந்த வேறு கொழுப்புகளையும் கொலஸ்ட்ராலையும் உடம்பு கலந்து வைத்திருக்கிறது.

நான் கேட்பது இரண்டு. அடுத்த இதழில் அந்த எண்ணெய் உதாரணத்துக்கு ஒரு திருத்தம் போடுங்கள். அப்புறம், அடுக்கு நிலைகளுக்கென்றே தனிக் கட்டுரை ஒன்று, மூலக்கூறுகள் நிமிர்ந்து நிற்கும் அடுக்கும் சாய்ந்து நிற்கும் அடுக்கும் பக்கத்தில் பக்கத்தில் தெரியும் படத்தோடு. பள்ளியில் செய்து பார்க்க ஒரு சோதனையும் சேர்க்கலாம்: பாத்திரம் கழுவும் சோப்புத் திரவத்தைக் கண்ணாடித் தகட்டில் ஒரு சொட்டு விட்டு, ஓரம் மெல்லக் காயும்போது, பழைய கால்குலேட்டரிலிருந்து எடுத்த இரண்டு முனைவாக்கித் தாள்களை (ஒரே திசையில் அதிரும் ஒளியை மட்டும் விடும் தாள்கள்) குறுக்காக வைத்து நுண்ணோக்கியில் பார்த்தால் போதும், காயும் ஓரத்தில் வெளிச்சமாகத் திரவப் படிகம் தெரியும். படம் வரைய ஆள் இல்லையென்றால் என் வகுப்புப் பிள்ளைகள் வரைந்து அனுப்புவார்கள்.

அன்புடன்,
ஒரு வாசகர், கொழிஞ்சாம்பாறை