அப்பாவை உட்கார வைத்தவர்களுக்கு

வேலூர் பாகாயம் மறுவாழ்வு மையத்தில் எங்களைப் பார்த்துக்கொண்ட எல்லாருக்கும், குடியாத்தம் பக்கமிருந்து எழுதுகிறேன்.

தென்னையிலிருந்து விழுந்த அப்பாவுக்கு முதலில் கொண்டுபோன இடத்தில் முதுகில் ஆபரேஷன் முடித்து, "வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க, படுத்தே இருக்கட்டும்" என்று அனுப்பிவிட்டார்கள். படுத்தே இருந்தார். உங்களிடம் வரும்போது இடுப்பில் உள்ளங்கை அகலத்துக்குப் படுக்கைப்புண்.

ஒரு மன்னிப்பும் கேட்க வேண்டும். முதல் வாரம் எல்லாரையும் 'டாக்டர்' என்றோம். அடுத்த வாரம் எல்லாரையும் 'பிசியோ' என்றோம். "நாளைக்கு ஓ.டி. பாப்பாங்க" என்றதும் மறுபடியும் ஆபரேஷன் தியேட்டரா என்று அம்மா அழுதேவிட்டார். வந்தவர் கத்தி எடுக்கவில்லை. ஓ.டி. என்றால் ஆக்குபேஷனல் தெரபிஸ்ட், அன்றாட வேலைகளைத் திரும்பச் செய்யப் பழக்குபவராம். எங்கள் வீட்டுக் கழிவறைக் கதவு எத்தனை அங்குலம் என்று கேட்டார்!

கதவு, கட்டிலின் உயரம், லுங்கியைப் படுத்தபடியே கட்டுவது, எல்லாம் அந்த ஓ.டி. அம்மாவின் பாடம். வாசல் ஒரு அடி உயரமென்றால் சக்கர நாற்காலி ஏறும் சரிவு 12 அடி நீளம் வேண்டும் என்று எழுதியே கொடுத்தார். கொத்தனார் சிரித்துவிட்டு நாலடியில் போட்டார். இடித்துத் திரும்பக் கட்டினோம்.

இரண்டு மணிக்கொரு தரம் புரட்டிப்போடவும், சிறுநீர் டியூபை அப்பாவே போட்டு எடுக்கவும் பழக்கியது சிஸ்டர்கள். சாய்வுப் பலகையில் கட்டி, மயக்கம் வராமல் தினம் கொஞ்சம் கொஞ்சமாக நிமிர்த்தியவர் பிசியோ. தோளுக்கு உரமேற்றி, கட்டிலிலிருந்து நாற்காலிக்குத் தாவ வைத்தவரும் அவரே. காலைத் தாங்கும் காலிப்பர் செய்துகொடுத்த பட்டறைக்காரர், அது உரசுகிறது என்றதும் முகம் சுளிக்காமல் மூன்று தரம் திருத்திக் கொடுத்தார்.

சமூகப் பணியாளர் என்றால் மாற்றுத்திறனாளி அட்டைக்கு எழுதித் தருபவர் என்றுதான் நினைத்திருந்தேன். யாரிடமும் பேசாமல் கிடந்த அப்பாவிடம் ஒருநாள் அவர் மேரி வர்கீஸ் கதையைச் சொன்னார்: 1954இல் விபத்தில் இடுப்புக்குக் கீழ் செயலிழந்த டாக்டர், சக்கர நாற்காலியில் இருந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு ஆபரேஷன் செய்தவர், 1966இல் இந்த மையம் வரக் காரணமானவர். சுவரைப் பார்த்துப் படுத்திருந்த அப்பா தலையைத் திருப்பிக் கேட்டார்: "அந்தம்மா கட்டில்ல எப்படி ஏறுவாங்க?"

அடுத்த நாளே தாவிப் பழக ஒப்புக்கொண்டார்.

இந்தப் பக்கம் வந்தால் வாசலில் நீளச் சரிவு போட்ட வீடு எங்களுடையது. அப்பா நாற்காலியில் உட்கார்ந்தபடியே இளநீர் சீவித் தருவார்.