இரவல் கணினிகளுக்கு ஒரு நன்றி மடல்

அன்புள்ள காக்கா, டீச்சர், மச்சான் மூவருக்கும்,

பெயர் போடக் கூடாது என்று சொல்லிவைத்த மாதிரி மூவரும் சொல்லிவிட்டீர்கள். சரி, போடவில்லை. ஆனால் ஊரறிய நன்றி சொல்வதைத் தடுக்க முடியாது.

கல்லடியில் வீட்டு மேசையில் நான் எழுதிய நிரல், தமிழ்ச் சொற்களை அகரவரிசைப்படுத்தும். அவ்வளவுதான். கணினிகள் எழுத்துகளுக்கு எண் கொடுத்து வைத்திருக்கும் யூனிகோடில் 'ன' போய் 'ந'வுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறது. நம் நெடுங்கணக்கிலோ அதற்குக் கடைசி இடம். மூலநிரலை எல்லோருக்கும் திறந்து வைத்ததும் பேட்ச்கள் (மற்றவர்கள் அனுப்பும் திருத்தங்கள்) வரத் தொடங்கின. ஒவ்வொரு பேட்சையும் தானாகவே பில்ட் செய்து (ஓடும் நிரலாக ஆக்கி), சோதனைகளை ஓட்டி, பச்சையா (தேறியது) சிவப்பா (தவறியது) என்று காட்டும் ஏற்பாட்டையும் செய்தேன். லினக்ஸ் பச்சை. மச்சான், வரி முடிவில் விண்டோஸ் ஒட்டிவிடும் கூடுதல் குறியோடு மூன்று தரம் மல்லுக்கட்டி, அதையும் பச்சையாக்கினாய். எனக்குத் தலைகால் புரியவில்லை.

அப்புறம்தான் கல்முனைக் காக்கா, கடையில் சும்மா கிடந்த ராஸ்பெர்ரி பை ஒன்றை (கடைப்பை இல்லை, உள்ளங்கையளவு கணினி) இந்தச் சோதனைக்கென்று விட்டுத் தந்தீர்கள். அன்றிரவே சிவப்பு. வரிசைப்படுத்திய பட்டியலில் ஒரு தமிழ்ச் சொல்கூட இல்லை! மூன்று நாள் உங்கள் கணினியைத்தான் சந்தேகப்பட்டேன், மன்னியுங்கள். யூனிகோடைக் கோப்பில் எழுதும் முறையான யூடிஎஃப்-8இல் தமிழ்க் குறி ஒவ்வொன்றுக்கும் மூன்று பைட், முதல் பைட் எப்போதும் 224. ஒரு பைட்டை வைத்திருக்கும் சி மொழியின் 'சார்' வகை இன்டெல் கணினியில் மறை எண்ணும் ஏற்பது. அங்கே அந்த 224, -32 ஆகிவிடும். உங்கள் பையில் இருப்பதோ ஏஆர்எம் சில்லு; ஏஆர்எம் லினக்ஸில் 224 ஆகவே இருக்கும். நானோ 'பூச்சியத்துக்குக் கீழே என்றால் தமிழ்' என்று எழுதிவைத்திருந்தேன். 'அன்சைன்ட்' (மறை எண் ஏற்காதது) என்று அறிவித்து, 127க்கு மேலா என்று கேட்டதோடு தீர்ந்தது. என் மடிக்கணினியை மட்டும் நம்பியிருந்தால் அந்த வரி இன்றும் அப்படியே கிடந்திருக்கும்.

ஆரையம்பதி டீச்சர், உங்கள் பழைய மேக் காட்டியது வேறு கூத்து. சோதனைக் கோப்புகளுக்கு நம்மூர்ப் பெயர்களை வைத்திருந்தேன். ஏறாவூர் இருந்தது, வாழைச்சேனை இருந்தது, கோட்டமுனையைக் காணவில்லை. அந்தப் பழைய கோப்பு முறைமை, பெயரிலுள்ள ஓகாரக் குறியைக் கொம்பு வேறு அரவு வேறாகப் பிரித்துச் சேமிக்கிறது. பார்வைக்கு ஒன்றுதான், நிரல் ஒப்பிட்டுப் பார்த்தால் பொருந்தாது. நாலாம் வகுப்பில் எனக்குக் கொம்பும் அரவும் போடப் பழக்கியவர் நீங்கள். பிழையும் உங்கள் கணினியிலேயே பிடிபட்டதை நினைத்துச் சிரித்துக்கொண்டேதான் திருத்தினேன்.

கரண்ட் போய் வந்த இரவுகளில் எழும்பிப் போய் அந்தக் கணினிகளை மறுபடி போட்டுவிட்டதற்கும் சேர்த்து நன்றி.

காக்கா, இன்று காலை உங்கள் பை மறுபடியும் சிவப்பு. இந்தத் தடவை உங்களைச் சந்தேகிக்கவில்லை. பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

இப்படிக்கு,
கல்லடிப் பொடியன்